பத்தரை மணி உறைநிலம்

வடதுருவ உறைநில ஆய்வு நிலையம் ஏன் ஆக்லாந்தில் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அங்கே எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். உறைநிலத்திலிருந்து இதைவிடத் தூரத்தில் வாடகைக்குக் கட்டடம் கிடைக்கவில்லை என்பதே அது. தூரத்தில் இருந்தால்தான் நடுநிலைமை வரும் என்பார் இயக்குநர் டாக்டர் குணசீலன். கோலாலம்பூரில் பிறந்து, ஆக்லாந்தின் வசதியான எப்சம் பகுதியில் வீடு வாங்கிய மனிதர். அவர் தம் கண்ணால் கண்ட பெரிய பனி, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு குவீன்ஸ்டவுனுக்குப் போனபோது கண்டதுதான்.

உறைநிலம் என்பது கோடையிலும் இளகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும் மண். அது உருகினால், உள்ளே அடைபட்ட பழைய செடிகொடிகள் அழுகி வாயுவாகக் கிளம்பி உலகத்தை இன்னும் சூடாக்கும். விஷயம் பெரியது. அதனால் நிலையத்தின் வரவேற்பறையும் பெரியது.

நிருஜா அங்கே வெப்பநிலைகளைப் பகுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். வட கனடாவில், மரமே முளைக்காத ஒரு வெட்டவெளியில், அந்த மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய துளை ஒன்று உண்டு. ஏழாம் துளை என்று பெயர். உள்ளே தொங்கும் கம்பியில் கோர்த்த வெப்பமானிகள், மண் எந்த ஆழத்தில் எத்தனை டிகிரி என்பதை ஓயாமல் ஆக்லாந்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புறநகரான பாபகூராவிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் நிருஜா, கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைத்தான் திறந்து பார்ப்பாள். பத்து வருடமாக இதுவே வழக்கம். மகன் அகிலுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இவள் இத்தனை முறை வெப்பமானியைப் பார்த்ததில்லை என்று கணவன் சிவனேசன் சொல்லிக்காட்டுவான். அவளும் மறுப்பதில்லை. வாய்க்கு வாய் 'என்ர துளை' என்றுதான் சொல்வாள்.

ஆனால் அந்தத் துளையை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. விமானம் புகை கக்கும், புகை பூமியைச் சூடாக்கும் என்பதால், வருடத்துக்கு ஒரே ஒருவர்தான் உறைநிலத்தைப் பார்க்கப் பறக்கலாம் என்று நிலையம் விதி வைத்திருந்தது. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் நிபுணர்கள் பறந்து வருவார்கள். அது பயணத்தில் சேராது. அது ஆலோசனை.

இந்த வருடம் தன் முறை என்று நிருஜா உறுதியாக நம்பியிருந்தாள். துளையைப் பற்றி என்ன தெரியும் என்று தேர்வுக் குழு கேட்டது. அவள் அரை மணி நேரம் சொன்னாள். சொல்லச் சொல்லக் குழுவினர் முகம் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் முகம்போல ஆகிக்கொண்டே போனது. அடுத்ததாக, செய்தித் தொடர்புப் பிரிவில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பையன் ராகேஷ் உள்ளே போனான். அவனிடமும் அதே கேள்வி. தனக்கு ஒன்றுமே தெரியாது என்றும், அந்த நிலம் தன்னிடம் என்ன பேசும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது என்றும் சொன்னான். லண்டன்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முடிவை அறிவித்த குணசீலன் எழுந்து நின்று பேசினார். "அறிவு என்பது ஒரு பாரம். ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் ஒரு நிலத்தின்மேல் அவ்வளவு பாரத்தோடு ஒருவரை அனுப்ப நம் மனசாட்சி இடம்கொடுக்கவில்லை. ராகேஷ் வெறுமையோடு போகிறார். அந்த வெறுமைதான் நம் நிலையத்தின் பலம்." எல்லாரும் கைதட்டினார்கள். நிருஜாவும் தட்டினாள். வயிறு மட்டும் பற்றி எரிந்தது.

அந்த நிலையத்தில் எதை விட்டாலும் பத்தரை மணித் தேநீரை விடமாட்டார்கள். வேலை நாளில் மணி அடித்ததும் எல்லாரும் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். வெளியூரில் இருப்பவர்கள் திரையில் வர வேண்டும், அதுவும் ஆக்லாந்தின் பத்தரைக்கே. யாரும் கோட்டு, குல்லாய், கையுறை அணிந்திருக்கக் கூடாது. மேலாடை மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கிறது என்பது நிலையத்தின் கொள்கை. கடைசி ஆள் கோட்டைக் கழற்றும்வரை ஒருவரும் வாயில் கோப்பையை வைக்க முடியாது. இவற்றையெல்லாம் கவனித்துக்கொள்ளவென்றே பணியாளர் நல அலுவலர் செல்வநாயகி இருந்தார். சிங்கப்பூர்க்காரர். குரல் எப்போதும் தாலாட்டுப்போல இருக்கும்.

ராகேஷை வழியனுப்பியதும் ஒரு தேநீர் வேளையில்தான். ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். நிருஜா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். உள்ளே வைத்த இறைச்சியில் மிளகாய்த்தூளை வேண்டுமென்றே அள்ளிப் போட்டிருந்தாள். ராகேஷ் ஐந்து தின்றான். மூக்கைத் துடைத்துக்கொண்டே, ஊரைவிட்டு வந்த பிறகு இப்படிக் காரமாக ஒன்று சாப்பிட்டதே இல்லை, அக்கா கை மணமே தனி என்றான். அவளுக்கு இன்னும் எரிந்தது.

மார்ச் மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். நிலையம் அவனுக்காக அங்கே ஒரு மரக் குடிசை எழுப்பியிருந்தது. அதைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வடிவமைப்புக் குழு கூடி ஆராய்ந்தது. ஆளும் துளையும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதால், குடிசையைத் துளைக்கு மேலேயே கட்டிவிட்டார்கள். தரையின் நடுவில் பலகையைத் துளைத்துக்கொண்டு, கம்பியைத் தாங்கும் செம்மஞ்சள் குழாய் நின்றது. ராகேஷ் தங்கியது பக்கத்து ஊர் விடுதியில். வேலை நாட்களில் பனிவண்டி ஏறிக் குடிசைக்கு வருவான். வந்ததும் எண்ணெய் அடுப்பை முழுவீச்சில் ஏற்றிவிடுவான். வெளியே உதடு வெடிக்கும் குளிர் அடிக்கும்போது, அரைக்கைச் சட்டையோடு திரையில் தோன்றி ஆக்லாந்துக்கு வணக்கம் சொல்ல வேண்டுமென்றால் வேறு என்ன வழி? அங்கே அது முந்தைய நாள் பிற்பகலாக இருக்கும். ஆனாலும் அவன் 'குட் மார்னிங்' என்றுதான் சொன்னான்.

திரையில் நிருஜா தன் துளையை முதன்முதலாகப் பார்த்தாள். குழாயின்மேல் ராகேஷின் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

"அதில சொக்ஸ் காயப்போடுறான் இவன். என்ர துளையில."

"உமக்குப் பொறாமை," என்றான் சிவனேசன்.

"ஓம், பொறாமைதான். அதுக்கென்ன இப்ப?"

அதற்கென்ன என்பது சில வாரங்களில் தெரிந்தது. ஏழாம் துளை சூடேறத் தொடங்கியது. பத்து வருடம் இவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிகிரியில் ஒரு துளி, அடுத்த வருடம் இன்னொரு துளி என்று சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்த துளை அது. அந்தத் துளிகளே போதும், ஒரு கண்டத்தின் அடித்தளம் ஆட்டம் காண. அதை எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருந்தாள். மெதுவாக நடப்பதை யாரும் படிப்பதில்லை. இப்போதோ கோடு மேல்நோக்கி மேடு மேடாகப் பாய்ந்தது. மேல் மண்ணில் முதலில், பிறகு ஒரு சாண் கீழே, பிறகு அதற்கும் கீழே.

நிலையம் விழாக்கோலம் பூண்டது. கோட்டுப்படத்தைக் கேக்கின்மேல் கிரீமால் வரைந்து வெட்டினார்கள். மேட்டின் உச்சித் துண்டு நன்கொடையாளர் ஒருவருக்குப் போனது. குணசீலன் நெகிழ்ந்துபோய்ப் பேசினார். "நண்பர்களே, மிக நல்ல செய்தி. உலகத்தில் வேறு எந்த நிலமும் நம் நிலம் அளவுக்குக் கெட்டுப்போகவில்லை. ஒஸ்லோக்காரர்களின் துளை நம் துளைக்குப் பக்கத்தில்கூட நிற்காது. இத்தனை ஆண்டுகள் நாம் பொறுமையாகக் காத்திருந்த பேரழிவு, கடைசியில் நம் கதவைத் தட்டியிருக்கிறது."

நிருஜா கேக்கைத் தொடவில்லை. மற்றவர்களுக்கு அது பருவநிலை. அவளுக்கு அது துரோகம். பத்து வருடம் விழித்திருந்து பார்த்தவளுக்கு அசைந்துகொடுக்காத துளை, ஒன்றுமே தெரியாத ஒருவன் காலுறையைக் காயப்போட்டதும் இளகிவிட்டதே என்று மனம் குமுறியது. மண்ணோடு கோபித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், நிருஜாவால் முடிந்தது. இரண்டு நாள் அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

ஏப்ரலில், போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் தினம் வந்தது. ஆக்லாந்தில் விடுமுறை. வெஸ்ட்கேட்டில் அகிலின் காலுக்குச் சப்பாத்து வாங்கக் கடையில் நின்றவள், கோபம் ஆறாமலேயே கைப்பேசியில் துளையை எட்டிப் பார்த்தாள். கோடு படுத்திருந்தது. மேடே இல்லை. பின்னால் தள்ளிப் பார்த்தாள். ஈஸ்டர் திங்களன்றும் மேடு இல்லை. கனடாவின் வெள்ளியிலும் சனியிலும் மேடு இல்லை. மற்ற வாரங்களில் ஞாயிறு பிற்பகலில்கூட மேடு இருந்தது. வெள்ளியும் சனியும் எந்த மதத்திலும் இல்லாத ஓய்வு நாட்கள். ஆக்லாந்துக் கணக்கில் பார்த்தால் அவை சனி, ஞாயிறு. மற்ற எல்லா நாளும் மேடு ஏறத் தொடங்கும் நேரம் ஆக்லாந்தின் பத்தரை.

"Mum, why are you laughing?" என்று அகில் கேட்டான்.

வடதுருவத்து மண் நியூசிலாந்து விடுமுறைக்கெல்லாம் லீவு எடுக்கிறது என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அவள் பெரிதாக ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பில் விஞ்ஞானம் எவ்வளவு, ராகேஷ் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

மறுநாள் குணசீலனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நிலம் சூடாகுறது உண்மை, டொக்டர். மெல்ல மெல்லச் சூடாகுது, அதுதான் பயம். ஆனா இந்த மேடு நிலத்தின்ர இல்லை. எங்கட தேத்தண்ணியின்ர. அடுப்பை நிப்பாட்டாட்டி இன்னும் கொஞ்சக் காலத்தில துளையே இடிஞ்சு விழுந்திடும்."

குணசீலன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "உண்மைய சொல்லுங்க லா, நிருஜா. நீங்க போயிருந்தா இத சொல்லுவீங்களா?"

"நான் போயிருந்தா அங்க அடுப்பே எரிஞ்சிருக்காது."

அவர் அதைக் கேட்டு மிகவும் வருந்தினார். வருந்தியதன் விளைவாக அவளைச் செல்வநாயகியிடம் அனுப்பிவைத்தார். செல்வநாயகி இரண்டு மெத்தைகளைத் தரையில் போட்டு, பொறாமை என்பது தவறில்லை, அது ஒரு விருந்தாளி, அதை ஒரு விலங்காக வரையுங்கள் என்று கலர்ப் பென்சில்களை நீட்டினார். நிருஜா காலுறைகளோடு ராகேஷை வரைந்தாள். நல்ல முன்னேற்றம் என்றார் செல்வநாயகி.

அப்படியும் அவள் விடவில்லை. கடைசியில் நிலையத்தின் பேரவை கூடியது. பிற்பகல் வெயில்தான் மேட்டுக்குக் காரணம் என்றது ஒரு கட்சி. வெயில் ஏன் ஈஸ்டர் திங்களுக்கு மட்டும் அடிக்கவில்லை என்று நிருஜா கேட்டாள். முந்தைய வாரம்தான் ஆக்லாந்து திரும்பியிருந்த ராகேஷ் பாவம்போல எழுந்து, ஒவ்வொரு நாளும் அடுப்பை ஏற்றியது உண்மைதான், கோட்டைக் கழற்றச் சொன்னார்களே என்று சொன்னான். உடனே செல்வநாயகி தாலாட்டும் குரலில், இங்கே யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றார். தேநீர் விதியைத் தளர்த்தலாமா என்று ஒருவர் மெதுவாகத் தொடங்கினார். அவரை எல்லாரும் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

குணசீலன் முடித்துவைத்தார். "நாம் விடுமுறையில் இருக்கும்போது அந்த நிலமும் ஓய்ந்திருக்கிறது என்றால், அதை நான் பிழையாகப் பார்க்கவில்லை. உறவாகப் பார்க்கிறேன். ஆனாலும் விஞ்ஞானம் சோதனை கேட்கிறது. குடிசையில் வேறொருவர் இருக்கட்டும். தேநீர் வழக்கம்போல நடக்கட்டும். அக்டோபரில் நியூசிலாந்தின் தொழிலாளர் தினம் வருகிறது. ஆக்லாந்துக்கு விடுமுறை, தேநீர் இல்லை. அன்று மேடு இல்லையென்றால் நிருஜா சொன்னதே சரி; இந்தச் சூட்டைப் பற்றி நாம் வெளியிட்ட ஆய்வறிக்கையைத் திரும்பப் பெறுவோம், குடிசையைப் பிரிப்போம். மேடு இருந்தால் அது நிலத்தின் சொந்தச் சூடு." பிறகு, சோதனைக்குப் பறப்பது பயணத்தில் சேராது என்றும், போகிறவர் நடுநிலையானவராக இருக்க வேண்டும் என்றும், ராகேஷை வெறுக்கும் ஒருவரைவிட நடுநிலையானவர் கிடைக்கமாட்டார் என்றும் சொல்லி, நிருஜாவைப் பார்த்தார்.

ரயிலில் வீடு திரும்பும்போது அவளுக்குக் கண் கலங்கியது. துளையைக் காப்பாற்ற ஒரே ஒரு காரியம்தான் செய்ய வேண்டும்: தொழிலாளர் தினத்தன்று சும்மா இருக்க வேண்டும்.

அக்டோபரில் அவள் குடிசைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே மூச்சு வெண்மையாக நின்றது. செம்மஞ்சள் குழாய், படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தது. மண்டியிட்டு அதைத் தொட்டாள். கையுறை தாண்டிக் குளிர் ஏறியது. "வந்திட்டன்," என்று அதனிடம் சொன்னாள். யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதாள்.

முதல் தேநீருக்குக் கோட்டோடுதான் திரையில் வந்தாள். அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை. கூடம் முழுக்கக் கோப்பைகளோடு காத்திருந்தது.

"மேலாடை, நிருஜா," என்றார் செல்வநாயகி அன்பாக.

கோட்டைக் கழற்றினாள். பல் தந்தியடித்தது. கோப்பையிலிருந்து தேநீர் மடியில் சிந்தியது. அப்போதுதான் கவனித்தாள்: ராகேஷ் அவளுடைய நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து வந்து, அதில் அரைக்கைச் சட்டையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துளையின் வெப்பநிலையைக் கவனிக்கும் வேலையை இப்போது அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

"கஷ்டமா இருந்தா விட்டுடுங்க அக்கா," என்றான் அக்கறையாக. "எனக்கு அங்க பழகிடுச்சு. எல்லாருக்கும் ஒத்துக்காதில்ல."

மறுநாள் அடுப்பு எரிந்தது. தொழிலாளர் தினம்வரைதானே என்று குழாயிடம் அவள் சமாதானம் சொன்னாள். அவன் ஏற்றிய அளவுக்கு ஏற்றினாள். அதற்கு அடுத்த நாள் ஒரு திருகு கூட்டினாள். கையில்லாத சட்டையோடு வந்து, வெக்கையாக இருக்கிறது என்று கையால் விசிறிக்கொண்டாள். ராகேஷ் வாயைப் பிளந்து பார்த்தான். இத்தனை வருடத்தில் அவளுக்குத் தேநீர் அவ்வளவு இனித்ததே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அவனிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, சூப்பர். என் உச்சத்தவிட உங்களோடது அரை டிகிரி ஜாஸ்தி. டாக்டர் ரொம்ப சந்தோஷப்படுறாரு. புது ரிப்போர்ட்ல முதல் பேரு உங்களோடதாம். எனக்கு அடுத்த இடம்."

படித்ததும் வெட்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கம் வருவதற்கு முன்பே சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிட்டது. அரை டிகிரி. அவனுக்குக் கொடுக்காததை அந்த மண் தனக்குக் கொடுத்திருக்கிறது என்று ஒரு கணம் நிஜமாகவே நம்பினாள்.

தொழிலாளர் தினம் வந்தது. அங்கே ஞாயிறு பிற்பகல். போக வேண்டிய அவசியமே இல்லை. விடுதியில் படுத்துக் கிடந்தாலே போதும்: கோடு தானாகப் படுத்துவிடும், அவள் சொன்னது மெய்யாகிவிடும், குடிசையைப் பிரித்துவிடுவார்கள், துளை பிழைத்துக்கொள்ளும். கோடு படுத்தால் ராகேஷின் மேடு பொய்யாகும். அதோடு சேர்ந்து அவளுடைய மேடும் பொய்யாகும், அந்த அரை டிகிரியும்.

சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று பனிவண்டியில் ஏறினாள். குடிசை உறைந்து கிடந்தது. குழாயைச் சுற்றித் தரைப்பலகை கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய பக்கத்தில் அடுப்பு இருந்தது.

ஆக்லாந்தில் நிலையம் பூட்டிக் கிடந்தது. அன்று யாரும் தேநீர் குடிக்கவில்லை. பத்தரை மணிக்கு நிலம் சூடேறத் தொடங்கியது.